எச்.ஐ.வி.: வாய்நலமும் இயற்கை மருத்துவமும்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களின் வாய்நலம் என்பது, அத்தொற்றாலும் அதற்கான மருந்துகளாலும் பல், ஈறு, நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றில் நேரும் மாற்றங்களையும் அவற்றுக்கான பராமரிப்பையும் குறிக்கும். தமிழ்நாட்டில் இதை மருத்துவமனைச் சிகிச்சையோடு மட்டும் நிறுத்தி எழுதிவிட முடியாது. பல்வலிக்குக் கிராம்பு, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை, உடல் தேற அமுக்கரா என்று வீட்டு வைத்தியமும் கூடவே நடக்கிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கியவர் திரும்பும் வழியில் நாட்டு மருந்துக் கடையிலும் நிற்பது புதிதல்ல. இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, எது வாயில் வைத்துத் துப்பப்படுகிறது, எது விழுங்கப்படுகிறது என்பதை. இயற்கையானதா, செயற்கையானதா என்ற வழக்கமான கேள்வி அவ்வளவாக உதவுவதில்லை.

வாயில் தெரியும் அறிகுறிகள்

எச்.ஐ.வி. கிருமி, நோய் எதிர்ப்பை ஒருங்கிணைக்கும் சி.டி.4 வெள்ளை அணுக்களை அழிக்கிறது. நலமாக இருப்பவரின் ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் இவை பொதுவாக 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போனால் நிலைமை கடுமையானது. இந்த வீழ்ச்சியை இரத்தப் பரிசோதனைக்கு முன்பே வாய் காட்டிக்கொடுப்பதுண்டு. தனக்குத் தொற்று இருப்பதையே அறியாத ஒருவர் நாக்கில் வெண்படலம் என்று பல் மருத்துவரிடம் வந்து, அங்கிருந்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பப்படுவது இதனால்தான்.

அடிக்கடி காணப்படுவது கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று. தயிர் ஏடு போன்ற வெள்ளைத் திட்டுகள் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படியும். வழித்தால் கழன்று வந்து, கீழே சிவந்த பரப்பு தெரியும். எப்போதும் வெள்ளையாகத்தான் வரும் என்பதில்லை. நாக்கின் மேற்புறம் மொட்டையாகச் சிவந்து எரிவதும், கடைவாய் வெடித்துப் புண்ணாவதும் இதே பூஞ்சையின் வேலைதான். காரம் பட்டால் எரிகிறது என்று சொல்லி வருபவர்களிடம் இந்தச் சிவப்பு வகை எளிதில் கவனம் தப்பிவிடும். பூஞ்சை தொண்டைக்குழாய்க்குள் இறங்கினால் சோறு விழுங்கவே வலிக்கும். அது நோய் முற்றிய நிலையின் அடையாளம்.

வழித்தாலும் போகாத வெண்படலம் வேறு வகை. நாக்கின் பக்கவாட்டில் செங்குத்தான வரிகளாகத் தோன்றும் இதை மயிரிழை வெண்படலம் எனலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸால் வருவது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பணியாற்றிய ஜான் கிரீன்ஸ்பான், டெபோரா கிரீன்ஸ்பான் ஆகியோரின் குழு 1984இல் இதை முதலில் விவரித்தது. வலிக்காது, தனியே சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில், எய்ட்ஸ் நெருங்குகிறது என்பதற்கு இது கிட்டத்தட்ட உறுதியான முன்னறிவிப்பாக இருந்தது.

ஈறுகளின் ஓரத்தில் செந்நிறக் கோடு ஓடுவதும், சாதாரணத் துலக்கலுக்கு அது மறையாததும் இன்னொரு அறிகுறி. இதைவிடக் கொடியது ஈறு அழுகல். பல்லிடுக்கில் இருக்கும் ஈற்று முனைகள் அழுகி உதிரும், இரத்தம் கசியும், அருகில் நிற்பவர்கள் உணரும் அளவுக்கு நாற்றம் வீசும். சில வாரங்களில் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கிவிடும். அண்ணத்தில் ஊதா நிறத் திட்டாகத் தோன்றும் கபோசி சார்க்கோமா என்னும் புற்றுநோய், ஆறாத பெரிய வாய்ப்புண்கள், மனித பாப்பிலோமா வைரஸ் உண்டாக்கும் மருக்கள், காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குதல் ஆகியவையும் உண்டு. எச்சில் குறைந்து வாய் வறளுவது பேச்சில் அதிகம் அடிபடாத தொல்லை. எச்சில் கழுவாத பல்லில் சொத்தை வேகமாகப் பரவும்.

கூட்டு மருந்து

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் அது வெளிப்பட்டது. 1928இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் பின்னர் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரும் புகலிடமானது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று. இன்று பெரியவர்களில் பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை. தவறாமல் சாப்பிட்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழி தொற்று பரவாது. இதற்கு அடித்தளமிட்ட, 2011இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களம்.

கூட்டு மருந்து பரவிய பின் வாய்ப்பூஞ்சையும் கபோசித் திட்டும் வெகுவாகக் குறைந்தன. வாய் மருக்கள் மட்டும் அப்படிக் குறையவில்லை. வாயைக் காப்பதில் இந்த மருந்துக்கு ஈடாக எந்தக் கொப்பளிப்பும் இல்லை.

துப்பும் மருந்துகள்

வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பது எளியது, பாதுகாப்பானது. பல் பிடுங்கிய மறுநாளிலிருந்து பல் மருத்துவர்களே சொல்வதுதான். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜெனால் வலியை மரத்துப்போகச் செய்கிறது. ஆனால் நீர்க்காத தைலம் ஈற்றில் பட்டால் வெந்துவிடும். பஞ்சில் ஒரு துளி, அதுவும் சொத்தைக் குழியில் மட்டும் என்ற அளவே சரி. எந்தத் தைலமும் சொத்தையை அடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். வலி அடங்கிய பின் பல்லை மறந்துபோகிறவர்கள் ஆறு மாதம் கழித்துச் சீழோடு வருகிறார்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் பல் படிவு ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. தேங்காயெண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சோதனைச்சாலையில் கேண்டிடாவை அடக்குகிறது. வாயில் வேரூன்றிய பூஞ்சைக்கு அது போதாது. அதற்குக் குளோட்ரிமசோல் வாய்ப்பூச்சு, நிஸ்டாடின் போன்றவை உள்ளன. அடங்காவிட்டால் ஃபுளூகோனசோல் மாத்திரையை ஒன்று முதல் இரண்டு வாரம் வரை மருத்துவர் தருவார். பூஞ்சைப் புண்ணில் தேன் தடவும் வழக்கம் உண்டு. உணவின் சர்க்கரையும் கேண்டிடாவும் ஒத்துப்போகிறவை என்பதால், குறிப்பாக வாய் வறண்டவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. எலுமிச்சைச் சாறு தென்னாப்பிரிக்காவில் வாய்ப்பூஞ்சைக்குச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் புளிப்பு நாளடைவில் பல் எனாமலைக் கரைக்கும்.

ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி மூன்றும் நன்றாக மென்று நாராக்கித் துலக்கினால் பல்லைச் சுத்தம் செய்யக்கூடியவையே. குறை ஒன்றுதான்: அவற்றில் ஃபுளோரைடு இல்லை. எச்சில் குறைந்தவருக்கு ஃபுளோரைடு தேவை மற்றவர்களைவிட அதிகம். மூலிகைப் பற்பசை என்று விற்கப்படுபவற்றிலும் பலவற்றில் அது கிடையாது. அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. செங்கல் பொடியும் கரியும் எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசைகளை இந்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும் எல்லோருக்கும் கேடு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு வாய்ப்புற்றுநோய் ஆபத்து ஏற்கெனவே கூடுதல்.

விழுங்கும் மருந்துகள்

உள்ளே போகும் மூலிகை கூட்டு மருந்தோடு குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் சந்திக்கிறது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி இதற்குப் பேர்போன உதாரணம். அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இண்டினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் பாதிக்கும் கீழே தள்ளியதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. பூண்டு மாத்திரைகள் சாக்வினாவிர் என்ற மற்றொரு எச்.ஐ.வி. மருந்தின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தன. ரசத்தில் தட்டிப்போடும் பூண்டு வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. ஆனால் மருந்தின் அளவு குறைந்தால் கிருமி அதற்குப் பழகி எதிர்ப்புப் பெற்றுவிடும் என்பதால் இந்த வேறுபாட்டை அலட்சியமாக விட முடியாது.

இன்று தமிழ்நாட்டில் அதிகம் பொருந்தும் எச்சரிக்கை டோலுடெக்ராவிர் பற்றியது. கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் ஆகிய உலோகங்கள் குடலில் இம்மருந்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஆகவே இம்மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும் என்பது விதி. கால்சிய, இரும்பு மாத்திரையென்றால் உணவோடு சேர்த்துச் சாப்பிடலாம். நெஞ்செரிச்சலுக்கான அமில முறிவு மருந்துகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. விதி சத்து மாத்திரைக்கு மட்டும் எழுதப்பட்டதுபோலத் தோன்றும். ஆனால் சித்த மருந்துகளான சங்கு பற்பமும் பவழ பற்பமும் கால்சியம்தான், அன்னபேதிச் செந்தூரம் இரும்புதான். ‘வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று ஆலோசகர் கேட்டால் பலர் இவற்றைச் சொல்வதில்லை. அவை மாத்திரைக் கணக்கில் வருவதாக அவர்கள் நினைப்பதில்லை.

சித்த மருத்துவம் எச்.ஐ.வி.யை ஒதுங்கி நின்று பார்க்கவில்லை. கூட்டு மருந்து எட்டாத விலையில் இருந்த காலத்தில், தாம்பரம் மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் பலருக்குக் கொடுக்கப்பட்டன. வேறு எதுவும் இல்லாதபோது பசியும் தெம்பும் கூடியதையே பெரிதாக நினைத்தவர்களை இன்று குறை சொல்வது எளிது, நியாயமல்ல. அதே சமயம் ரசகந்தி மெழுகில் பாதரசமும் கந்தகமும் உண்டு. பாதரசம் உடலில் மிகுந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும், எச்சில் அளவுக்கு மீறி ஊறும், ஈறு வீங்கிப் புண்ணாகும். டெனோஃபோவிரும் சிறுநீரகத்தைத் தொடக்கூடிய மருந்து. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுபவர் சிறுநீரக நிலையைக் காட்டும் இரத்தக் கிரியாட்டினின் பார்க்காமல் இருக்கக் கூடாது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரும் ஏ.ஆர்.டி. மருத்துவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்ப்பதே சரியான வழி. நடைமுறையில் அது அரிது.

நிலவேம்பின் கதையும் ஒரு பாடம். அதிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடை எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. சி.டி.4 சற்று ஏறியது, கிருமியின் அளவு குறிப்பிடத்தக்கபடி குறையவில்லை. கடும் ஒவ்வாமை உள்ளிட்ட பக்கவிளைவுகளால் ஆய்வு பாதியில் நின்றது. கஷாயமாகக் குடிப்பதை அந்த அளவோடு ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

மூலிகையை மாத்திரைக்குப் பதிலாக வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா பார்த்தது. அதிபர் தாபோ எம்பெக்கியின் ஆட்சியில் சுகாதார அமைச்சராக இருந்த மாண்டோ சபலாலா-எம்சிமாங் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை ஆகியவற்றை முன்னிறுத்தினார். 2006இல் டொரொண்டோவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் அந்நாட்டின் அரங்கிலேயே அவை வைக்கப்பட்டன. கூட்டு மருந்தைத் தாமதப்படுத்தியதால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டனர். இந்தியாவில் எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு உரிமை கொண்டாடுவதை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. அப்படிக் கூறும் சுவரொட்டிகள் தடுக்கப்பட்டனவா என்றால் அது வேறு கதை.

பல் மருத்துவரின் நாற்காலியில்

உடல்நிலை கட்டுக்குள் உள்ள எச்.ஐ.வி. தொற்றாளருக்குப் பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, காரை எடுப்பது எல்லாம் மற்றவர்களைப் போலவே செய்யலாம். தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முன்கூட்டி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை. நோய் முற்றியவருக்கு மட்டும் நியூட்ரோஃபில் எண்ணிக்கையும் தட்டணுக்களும் பார்த்துவிட்டுக் கத்தியை எடுப்பார்கள்.

மருந்துப் பட்டியலைச் சொல்வது இங்கும் அவசியம். முதல் மருந்து பலிக்காதபோது தரும் இரண்டாம் நிலைக் கூட்டு மருந்தில் வரும் ரிடோனாவிர், கல்லீரல் நொதியை அடக்கி மற்ற மருந்துகளை உடலில் தேங்கச் செய்யும். பாக்கு மென்று வாய் திறக்க முடியாமல் போனவர்களுக்குக் கன்னத்தில் போடும் டிரையாம்சினலோன் ஊசி இப்படித் தேங்கினால், முகம் ஊதி அட்ரினல் சுரப்பி ஒடுங்கும் அளவுக்குப் போகலாம். பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலமும் அவ்வாறே உடலில் தேங்கும்.

பல் மருத்துவமனையில் தொற்று பரவும் என்ற அச்சத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பல் மருத்துவரிடமிருந்து அவருடைய நோயாளிகளுக்குத் தொற்று வந்த செய்தி 1990இல் வெளியாகி உலகையே உலுக்கியது. அது எப்படி நேர்ந்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. மறுதிசையில், தொற்றாளருக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்திய மருத்துவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்ற அளவுதான். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து அதையும் பெரிதும் குறைக்கும். கையுறையும், ஆட்டோகிளேவில் கிருமிநீக்கம் செய்த கருவியும் எல்லா நோயாளிக்கும் பொது. தொற்று உள்ளவருக்கென்று தனி நாற்காலி, கடைசி நேரம், இரட்டைக் கையுறை என்பதற்கெல்லாம் அறிவியலில் இடமில்லை.

2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் அது தடுக்கிறது. புகார்களை விசாரிக்க ஒவ்வொரு மாநிலமும் குறைதீர்ப்பாளரை அமர்த்த வேண்டும். இருந்தும் ‘இங்கே கருவி சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சொல்லப்பட்ட கதை தொற்றாளர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கிறது. அப்படித் திரும்பியவர்கள் பல பேர் அதன்பின் பல் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. கிராம்புத் தைலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.