ஆசானுக்கு இரு வக்கீல்கள்

எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு ஒரு நூற்பகுதியை வாசித்துக் காட்டுகிறார்கள். கேட்பவர்கள் மெச்சுகிறார்கள். ஒரிஜென் எழுதியது என்று சொன்ன மாத்திரத்தில் அதே வரிகள் வேதப்புரட்டாகிவிடுகின்றன. பாலஸ்தீனத்துச் செசரியா நகரச் சிறையில் இருந்துகொண்டு பம்ஃபிலஸ் இப்படியொரு காட்சியை எழுதிவைத்திருக்கிறார். 307இல் கைதானவர், 310இல் இரத்தசாட்சியாகக் கொல்லப்பட்டவர். தம் உயிருக்காக வாதாட வேண்டிய நாட்களில், இறந்து ஐம்பது ஆண்டுக்கு மேலான ஓர் ஆசிரியரின் பெயருக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

சுமார் தொண்ணூறு ஆண்டு கழித்து அதே ஆசிரியருக்கு இன்னொரு வக்கீல் வாய்த்தார். வட இத்தாலியின் அக்குயிலியா பகுதியைச் சேர்ந்த துறவி ரூஃபினஸ். இருவரும் ஒரிஜெனை நேசித்ததில் குறைவில்லை, படித்ததிலும் குறைவில்லை. ஆனால் பம்ஃபிலஸின் வாதம் இன்றும் நிற்கிறது. ரூஃபினஸின் வாதமோ அவர் கண்ணெதிரிலேயே கவிழ்ந்து, வக்கீலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

ஒரிஜென் 185 வாக்கில் பிறந்தவர், அலெக்சாந்திரியாவில் வளர்ந்தவர். தந்தை இரத்தசாட்சி. மகனும் தேசியஸ் பேரரசன் காலத்துச் சித்திரவதையில் உடல் நொறுங்கி, சில ஆண்டுகளில் இறந்தார். வேதாகமத்துக்கு அவர் எழுதிய விளக்கங்களுக்கு அளவில்லை. வம்பு பெரும்பாலும் ஒரே நூலால் வந்தது. ‘மூலதத்துவங்கள் பற்றி’ என்ற அந்த நூலில், ஆன்மாக்கள் உடலெடுக்கும் முன்பே இருந்தனவா, கடைசியில் படைப்பு முழுவதும் கடவுளிடம் மீளுமா என்றெல்லாம் அவர் துணிந்து யோசித்தார். எப்படி யோசித்தார் என்பதுதான் முக்கியம். நூலின் முகவுரையிலேயே ஒரு கோடு கிழித்துவிடுகிறார். அப்போஸ்தலர்கள் தெளிவாகக் கற்பித்தவை இவை. தெளிவாகச் சொல்லாமல் ஆராய்வோருக்கு விட்டுவைத்தவை இவை. ஆன்மாவின் தோற்றம் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

பம்ஃபிலஸ் பிடித்துக்கொண்டது இந்தக் கோட்டைத்தான். பெய்ரூட்டில் பிறந்து, செசரியாவில் பள்ளியும் நூலகமும் நடத்தியவர் அவர். ஒரிஜெனின் நூல்களைத் தம் கையாலேயே படியெடுத்தவர். ஆகவே ஆசிரியரின் சொற்கள் அவர் விரல்நுனியில் இருந்தன. பாலஸ்தீனத்துச் சுரங்கங்களில் தண்டனைக்கு ஆளாகிக் கிடந்த விசுவாசிகளுக்கு எழுதிய அந்த ‘மறுப்புரை’யில், சிறையில் அவருடைய சீடர் யூசேபியஸ் துணையாயிருந்தார். பம்ஃபிலஸ் தம் சொந்த வாதத்தைக் குறைத்துக்கொண்டு ஒரிஜெனையே பேசவிடுகிறார். அதிலும் எதிரிகள் அதிகம் தாக்கிய ‘மூலதத்துவங்கள்’ நூலிலிருந்தே பல பகுதிகளை எடுத்துவைக்கிறார். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கே நீதிபதியைக் கூட்டிக்கொண்டு போகிற துணிச்சல் இது.

ஒரிஜென்மீது சுமத்தப்பட்ட ஒன்பது குற்றச்சாட்டுகளையும் அவர் எடுத்துக்கொள்கிறார். குமாரன் பிறவாதவர் என்று ஒரிஜென் சொன்னாராம். கிறிஸ்து வெறும் மனிதர் என்றும் சொன்னாராம். கிறிஸ்துவின் செயல்களை வரலாறாக ஏற்காமல் உருவகமாக்கினாராம். இரண்டு கிறிஸ்துகள் உண்டு என்றாராம். இத்தனையையும் ஒரே வாய் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? பட்டியலே தன்னைத்தான் அடித்துக்கொள்கிறது. படிக்காமல் திட்டியவர்களின் வேலை இது என்பதைப் பம்ஃபிலஸ் மறைக்காமல் சொல்கிறார்.

ஆன்மா பற்றிய குற்றச்சாட்டுக்கு வரும்போது தொனி மாறுகிறது. இங்கே ஒரிஜென் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுப்பதைப் பம்ஃபிலஸ் நம்பியிருக்கவில்லை. இதில் திருச்சபை தீர்மானமாக எதையும் கற்பிக்கவில்லை, பலரும் பலவிதமாகக் கருதுகிறார்கள், அப்படியிருக்க ஒரு கருத்துக்காக ஒருவரை எப்படி வேதப்புரட்டர் என்பது என்று கேட்கிறார். இதையொட்டி, ஒரிஜெனின் பக்தர்களைப் பற்றிய பழிக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் ஒரிஜெனின் சொல்லை அப்போஸ்தலர் சொல்லுக்கு நிகராக வைக்கிறீர்கள் என்பது எதிரிகள் வீசிய பழி. இல்லை என்கிறார் பம்ஃபிலஸ். ஒரிஜெனே தம் விளக்கத்தை முடிந்த முடிபாகத் தந்தவரல்லர். இதைவிட நல்ல விளக்கம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள் என்று வாசகனுக்கு விட்டவர். ஆசிரியர் தவறக்கூடியவர் என்று ஒப்புக்கொள்வதால் அவருடைய மதிப்புக் குறையவில்லை. ஒரு தவறைக் காட்டி முழு ஆளையும் எரிக்கும் வழிதான் அடைபடுகிறது.

ரூஃபினஸ் இந்த மறுப்புரையின் முதல் புத்தகத்தை 397இல் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அதோடு நின்றிருக்கலாம். கூடவே, ஒரிஜெனின் நூல்களில் நடந்த கலப்படம் பற்றித் தாமே ஒரு சிறுநூல் எழுதிச் சேர்த்தார். ஒரிஜென் தவறவில்லை, தவறாகத் தெரிபவை வேதப்புரட்டர்கள் நுழைத்தவை என்பதே அதன் வாதம். பிடிக்காத பாட்டைக் கண்டால் ‘இடைச்செருகல்’ என்று ஒதுக்கும் வழக்கம் நம் புலவர்களிடமும் உண்டென்பதால், இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. ரூஃபினஸ் கையில் சான்றும் ஒன்று இருந்தது. தம்மோடு வாதிட்ட ஒருவன் அந்த வாதத்தின் பதிவைத் திரித்துப் பரப்பினான் என்று ஒரிஜெனே ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். ஒரு வாதத்தில் நடந்ததை ஒரு வாழ்நாள் எழுத்து முழுவதற்கும் நீட்டியதுதான் ரூஃபினஸின் பிழை.

அடுத்த ஆண்டு ‘மூலதத்துவங்கள்’ நூலையே மொழிபெயர்த்தார். முகவுரையில் தம் முறையை ஒளிக்கவில்லை. திரித்துவம் பற்றி ஒரிஜென் மற்ற இடங்களில் சொன்னதற்கு முரணானவற்றைக் கலப்படம் என்று விட்டுவிட்டேன், அல்லது அவருடைய மற்றக் கூற்றுக்கு இசையத் திருத்தினேன். இருண்ட இடங்களை அவருடைய பிற நூல்களைக் கொண்டே விரித்தேன் என்கிறார். அதோடு, ஒரிஜெனின் எழுபதுக்கு மேற்பட்ட பிரசங்கங்களை இதே பாணியில் ஒருவர் மொழிபெயர்த்துப் புகழ்ந்திருக்கிறாரே என்று, பெயர் சொல்லாமல், பழைய நண்பர் ஜெரோமையும் உள்ளே இழுத்தார். வக்கீல் செய்யக்கூடாத காரியம் இது.

ஜெரோம் சும்மா இருப்பவரா? அதே நூலைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, ரூஃபினஸ் எங்கெங்கே பூசி மெழுகினார் என்று காட்டினார். விமரிசகர்கள் அதுவரை ஒரிஜென் தவறினார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரிஜெனை ஆதரிப்பவர்கள் மறைக்கிறார்கள் என்று இனிச் சொல்ல முடிந்தது. 400இல் உரோமை ஆயர் அனஸ்தாசியஸ் ஒரிஜெனின் போதனைகளைக் கண்டித்தார். ரூஃபினஸ் தம் விசுவாசத்தையே அவருக்கு எழுதி விளக்க வேண்டியதாயிற்று.

ஜெரோமின் பக்கமும் சுத்தம் இல்லை. பம்ஃபிலஸ் கைப்பட எழுதிய ஒரிஜெனின் விளக்கவுரைச் சுருள்கள் இருபத்தைந்து தம்மிடம் இருப்பதைப் பெரும் புதையலாகப் பெருமை பேசியவர் அவர். ஒரிஜெனுக்காகப் பம்ஃபிலஸ் மறுப்புரை எழுதியதையும் முன்பு தாமே பதிவு செய்தவர். சண்டை முற்றியதும், அதைப் பம்ஃபிலஸ் எழுதவே இல்லை, யூசேபியஸ் எழுதியது என்று மாற்றிச் சொன்னார். ஓர் இரத்தசாட்சி ஒரிஜெனுக்காகச் சாட்சி சொன்னார் என்ற உண்மை அவ்வளவு உறுத்தியது.

விமரிசகர்களைவிட ஒரிஜெனை ஆழமாகக் காயப்படுத்தியவர்கள் பின்னால் வந்த பக்தர்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்தின் பாலைவனத்தில் எவாக்ரியஸ் என்ற துறவி ஒரிஜெனின் ஊகங்களை எடுத்து ஓர் இறுகிய அமைப்பாகக் கட்டினார். ஆறாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்து மடங்களில் ஒரு கூட்டம், கடைசியில் எல்லாரும் கிறிஸ்துவுக்குச் சமமாவோம் என்று கற்பிக்கும் அளவுக்குப் போயிற்று. 543இல் ஒரிஜெனுக்கு எதிராக ஜஸ்டினியன் பேரரசனின் ஆணை. 553இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய ஆயர்களின் பதினைந்து சாபங்கள். அந்தப் பதினைந்தும் ஒரிஜெனைவிட எவாக்ரியஸின் எழுத்துக்கே நெருக்கமாகப் பொருந்துகின்றன என்று 1962இல் அந்துவான் கியோமோன் விரிவாகக் காட்டினார். சீடர் எழுதியதற்கு ஆசானின் பெயரில் தண்டனை.

இந்த ஆபத்துக்கு ரூஃபினஸின் வாதத்தில் மருந்தில்லை. எதிரிகள் கலப்படம் செய்வார்கள் என்று பார்த்தவர், அபிமானிகளும் செய்யக்கூடும் என்று பார்க்கவில்லை. பார்க்கும் தூரத்திலும் அவர் இல்லை. எவாக்ரியஸின் நட்பு வட்டத்தில் இருந்தவர், அவருடைய நூல்களையும் இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர். பம்ஃபிலஸின் வாதமோ இருபுறமும் வெட்டுகிறது. ஊகத்தை ஊகமாக விட்டுவிடு என்பது விமரிசகனுக்கும் பதில், அந்த ஊகத்தைக் கோட்பாடாக்கும் பக்தனுக்கும் பதில்.

இதனால் பம்ஃபிலஸ் அப்பழுக்கற்றவர் என்று ஆகாது. சாதகமான பகுதிகளையே பொறுக்கியிருக்கிறார். இடறலான பகுதிகளை எடுத்துப்போடவில்லை. மறுபக்கம், ரூஃபினஸ் நாம் நினைக்கும் அளவுக்குத் திரித்தவரும் அல்லர். ‘மூலதத்துவங்கள்’ நூலின் சில நீண்ட பகுதிகள் ‘ஃபிலோகாலியா’ என்ற தொகுப்பில் கிரேக்கத்திலேயே பிழைத்திருக்கின்றன. ஒப்பிட்டால், அவர் தாராளமாக விரித்திருக்கிறார், பொருளைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கிறார். 1913இல் அந்நூலைப் பதிப்பித்த கோட்சாவ், ஒரிஜெனின் எதிரிகள் தந்த மேற்கோள்களை நம்பி மூலத்துக்குள்ளேயே செருகினார். ஆன்றி குரூசெல், மன்லியோ சிமொனெத்தி இருவரின் பதிப்பு ரூஃபினஸுக்கு மறுபடி மதிப்புக் கொடுத்தது.

கடனும் பெரிது. ஜெரோமின் மொழிபெயர்ப்பு சிதறிய துணுக்குகளாகவே கிடைக்கிறது. ரூஃபினஸ் இல்லையென்றால் ‘மூலதத்துவங்கள்’ முழுமையாக நம் கைக்கு வந்திராது. பம்ஃபிலஸின் மறுப்புரையும் அப்படியே. ஆறு புத்தகங்களில் ஆறாவது, பம்ஃபிலஸ் இறந்தபின் யூசேபியஸ் எழுதிச் சேர்த்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஃபோட்டியஸ் என்ற அறிஞர் ஆறையும் படித்துக் குறிப்பெழுதியிருக்கிறார். இன்று எஞ்சியிருப்பது முதல் புத்தகம் மட்டும், அதுவும் ரூஃபினஸின் இலத்தீனில். அதில் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று ஒரிஜென் எழுதியதாக ஓர் இடம் வருகிறது. அது ஒரிஜென் எழுதியதா, அந்தச் சொல்லை விசுவாச அறிக்கையில் சேர்த்த நிசேயா சங்கத்துக்குப் பின் வாழ்ந்த ரூஃபினஸ் சேர்த்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.