கேட்கும் உரிமை யாருக்கு?

நோயை வைத்தியர் பார்த்துக்கொள்வார். ஆலையும் வீதியும் குடிநீரும் வேறு இலாகாக்களின் விவகாரம். ஆளுவோரின் இந்தப் பழைய எண்ணத்தை அசைத்த சட்டங்களுள் ஒன்று இங்கிலாந்தின் 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமாகும். வரியிறுப்பாளரிற் பத்திலொரு பங்கினர் மனுச் செய்தாலோ, மரணவீதம் ஆயிரத்துக்கு 23ஐத் தாண்டினாலோ, உள்ளூர்ச் சுகாதார சபை அமைய அது வழிசெய்தது. வரியிறுப்போர் யார்? பெரும்பாலும் சொத்துள்ளோரே. நிலவறையிற் கிடந்து வாந்திபேதிக்கு இரையான கூலித் தொழிலாளி மனுவிற் கையொப்பமிடவில்லை. செத்துத்தான் கணக்கில் ஏறினான்!

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2007இல், தாய்லாந்தின் தேசிய சுகாதாரச் சட்டம் இந்த இடத்திலேதான் ஓரடி முன்வைத்தது. பொதுக்கொள்கை எதுவாயினும் அது மக்கள் நலத்தை எவ்வாறு தாக்குமென மதிப்பிடும்படி கோர, தனியாளுக்கும் குழுவுக்கும் அது உரிமை வழங்கியது. அதே ஆண்டின் அரசியல் யாப்போ, பாரதூரமான தீங்கு விளைக்கக்கூடிய திட்டங்களுக்குச் சூழல், சுகாதார மதிப்பீட்டையும் மக்கள் கருத்தறிதலையும் கட்டாயமாக்கியது.

எழுத்திலிருந்த உரிமை உயிர்பெற்றது ரயோங் மாகாணத்து மாப் தா புட்டில். பெற்றோலிய இரசாயன ஆலைகள் செறிந்த ஊர் அது. 1997இல் அங்குள்ள பாடசாலையொன்றின் மாணவரும் ஆசிரியரும் நச்சு நெடியால் நோயுற்றனர். பிற்பாடு இடம் பெயர்ந்தது ஆலையன்று, பாடசாலை! நம்மிற் பலர் ஆசிரியர்; இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஊரவர் வழக்காடினர். யாப்பு விதித்த மதிப்பீடு நடைபெறாமலே அனுமதி வழங்கப்பட்டதென்பது அவர்கள் வாதம். 2009 செப்டெம்பரில் மத்திய நிருவாக நீதிமன்றம் 76 திட்டங்களை இடைநிறுத்தியது. முதலீடு ஓடிவிடுமென்ற கூக்குரல் எழுந்தது. குழந்தைகளின் சுவாசத்துக்காக அவ்வளவு உரத்த குரல் முன்னர் எழுந்ததாக நாம் அறியோம். டிசெம்பரில் மேல்நீதிமன்றம் 11 திட்டங்களை விடுவித்து, 65ஐ நிறுத்தியே வைத்தது.

பின்னர் போராட்டம் ஒரு சொல்லின் மீது திரும்பியது. ‘பாரதூரமான தீங்கு’ எது? அரசு, ஊரவர், முதலீட்டாளர், அறிஞர் எனும் நாற்றரப்பினரும் அமர்ந்த குழு 18 வகைத் தொழில்களைச் சுட்டியது. 2010இல் அரசு வெளியிட்ட பட்டியலில் எஞ்சியவை 11. அடுத்த மாதமே பெரும்பாலான திட்டங்கள்மீதிருந்த தடை நீங்கிற்று.