அழகர்கோவில்

அழகர்கோவில், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அழகர்மலையின் தென் அடிவாரத்தில் உள்ள ஊர். மதுரை நகருக்கு வடக்கே சுமார் 21 கி.மீ. தொலைவில் உள்ளது. 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான கள்ளழகர் கோயிலின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று.

பெயர்கள்

பழைய பெயர்கள் மலையையும் சோலையையும் ஒட்டி எழுந்தவை. இளம்பெருவழுதியார் பாடிய பரிபாடல் 15ஆம் பாடல் இவ்விடத்தை இருங்குன்றம், மாலிருங்குன்றம் என்கிறது. பின்னது சோலை என்னும் சொல்லோடு சேர்ந்து வழங்குவதையும் சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் இது திருமால்குன்றம். ஆழ்வார் பாசுரங்களில் மாலிருஞ்சோலை. தருமதேவதை இடப வடிவில் இங்கே தவம் செய்ததாகக் கூறும் தலபுராணக் கதையால் இடபகிரி என்ற பெயரும் உண்டு. இன்றைய பெயர் உற்சவரான சுந்தரராசப் பெருமாளின் தமிழ்ப்பெயரான அழகரிலிருந்து வந்தது. சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குப் புறப்படும்போது அழகர் கள்ளர் கோலம் பூணுவார். அதனால் கள்ளழகர் என்பர்.

தொடக்க வரலாறு

இம்மலைத்தொடரில் கிடாரிப்பட்டியை அடுத்துள்ள குகைத்தளத்தில் சமணர் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட இவற்றில் கொடையாளர்களாக மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர் முதலியோர் இடம்பெறுகின்றனர். துறவிகளின் உறைவிடத்தை நகரத்துத் தொழிலாளரும் வணிகரும் பேணியதை இது காட்டுகிறது. அங்குள்ள பிற்கால வட்டெழுத்துக் கல்வெட்டொன்று சமணத் துறவி அச்சணந்தியைக் குறிப்பிடுகிறது.

அதே மலையின் வைணவ முகம் பரிபாடலில் தெரிகிறது. கண்ணனும் பலராமனும் இங்கு ஒருங்கே போற்றப்படுகின்றனர், மலையில் ஓடும் சிலம்பாறும் பாடப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழிகளை மாங்காட்டு மறையவன் விளக்குகையில், இடப்பக்க வழி இம்மலை வழியே செல்வதாகவும், இங்கு ஒரு பிலமும் (குகை), சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகளும் இருப்பதாகவும் கூறுகிறான்.

பூதத்தாழ்வார், பேயாழ்வார், நம்மாழ்வார், பெரியாழ்வார், ஆண்டாள், திருமங்கையாழ்வார் ஆகிய அறுவர் இத்தலத்தைப் பாடியுள்ளனர். ஆண்டாள் பாசுரத்தில் இறைவன் சுந்தரத்தோளுடையான். இன்றைய ஊர்ப்பெயருக்கு மூலமான அழகு அப்போதே இறைவனுக்கு அடையாளமாகிவிட்டது. பிற்காலத்தில் வாணாதிராயர்களும் மதுரை நாயக்கர்களும் திருப்பணி செய்தனர். மலைப்பெயர் பின்னுக்குப் போய்க் கோயிற்பெயர் நிலைத்தாலும், திருமாலிருஞ்சோலை என்ற பெயர் வைணவ வழக்கில் தொடர்கிறது.