மூழ்கிய படகைத் தேடினார்கள்... ஏரிக்கும் காவலானார்கள்!

ஸ்கூபா டைவிங் என்றதும் கடலும் பவளப்பாறையும் வண்ண மீன்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இது ஒரு நன்னீர் ஏரியின் கதை. காசு வாங்காமல் அதில் முக்குளித்தவர்களின் கதையும் கூட.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ளது லேக் ஜார்ஜ். நீளம் சுமார் 51 கிலோமீட்டர். தெளிந்த தண்ணீருக்குப் பேர் போன ஏரி. கரையோரம் வாழும் பலருக்குக் குடிநீரும் இதுதான்.

போரும் படகுகளும்

1758 ஜூலையில், பிரெஞ்சுக்காரர்களின் கரில்லான் கோட்டையைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் படை தோற்றுத் திரும்பியது. குளிர்காலத்தில் படகுகள் எதிரியின் கையில் சிக்கக்கூடாதே! அதனால் 200-க்கும் மேற்பட்ட படகுகளைத் தாங்களே ஏரியில் மூழ்கடித்தார்கள். மறு ஆண்டு பலவற்றை மீட்டார்கள், சில அடியிலேயே தங்கிவிட்டன. மரத்தைத் துளைக்கும் கடல் புழுக்கள் நன்னீரில் கிடையாது. அதனால் அவை முழுதாக அழியவில்லை.

230 ஆண்டுகளுக்குப் பின், 'பட்டோ பிலோ' என்ற தன்னார்வக் குழுவாக இயங்கிய டைவர்கள் அவற்றை அளந்து வரைபடமாக்கினார்கள். 1990-ல், 'லேண்ட் டார்ட்டாய்ஸ்' என்ற 52 அடி நீளப் பீரங்கிப் படகும் கிடைத்தது. 1998-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

தண்ணீருக்குள் வகுப்பறை

1906-ல் கட்டப்பட்ட 'ஃபார்வர்ட்' என்ற மோட்டார் படகும் இங்கே மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு வகுப்பறையே அமைத்தார்கள்! பொழுதுபோக்காக வரும் டைவர்கள் மீன்களையும், நீரின் வெப்பத்தையும் தெளிவையும் கவனிக்கக் கற்றுக்கொள்ள ஏற்பாடு.

இப்படிப் பழகிய கண்களுக்கு 1999-ன் இறுதியில் வேலை வந்தது. பட்டோ பிலோ டைவர்கள், ஏரியின் தென்முனையில் ஸீப்ரா சிப்பிகளைப் பார்த்துவிட்டார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பல லட்சம் முட்டைகள் இடும். மற்ற உயிர்களுக்கு உணவான நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும், குழாய்களை அடைக்கும், மூழ்கிய மரத்தின் மேல் அப்பிக்கொள்ளும். பக்கத்து லேக் சாம்ப்லைனில் 1993-ல் நுழைந்து, அங்கிருந்த பழங்கப்பல்களையும் மூடிக்கொண்டிருந்தது.

டாரின் நன்னீர் ஆய்வு நிலையம் வழிகாட்ட, டைவர்கள் ஆயிரக்கணக்கான சிப்பிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்தார்கள். கையால் பொறுக்கி என்ன ஆகும் என்கிறீர்களா? இரண்டு விஷயங்கள் உதவின. ஓடு வளரத் தேவையான கால்சியம் இந்த ஏரியில் குறைவு. அத்துடன், சிப்பிகள் நெருக்கமாக இருந்தால்தான் முட்டைகள் எளிதில் கருவுறும். கூட்டத்தைக் குலைத்ததால் பெருக்கம் நின்றது. சாம்ப்லைனுக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை.

எல்லாப் போரிலும் வெற்றி என்று சொல்ல முடியாது. 2010-ல் ஆசிய மட்டி வந்தது. டைவர்கள் ஏரியடியில் விரிப்புகளைப் போட்டு மூச்சுத் திணற வைத்தும் அதை முழுதாக ஒழிக்க முடியவில்லை.

வணிகக் கணக்கில் சொன்னால், வரும் முன் காப்பதே குறைந்த செலவு. ஆனால் வந்ததை முதலில் பார்க்க ஒருவர் வேண்டுமே? அந்த ஒருவர் விஞ்ஞானியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கடி தண்ணீருக்குள் போய், அங்கே எது வழக்கம், எது புதிது என்று தெரிந்தவராக இருந்தால் போதும்!