உப்பு வண்டியும் கழுத்துச் சுரப்பியும்

அரூர் கடல் காணாத ஊர். தீர்த்தமலையும் சித்தேரி மலையும் உள்ள அந்த வட்டாரத்திற்கு உப்பு வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு நோக்கிச் சென்ற உமணர்களைச் சங்கப் பாடல்களில் சந்தித்திருக்கிறோம். அவர்கள் கொண்டுவந்த உப்பில் அயோடின் மிகமிகச் சொற்பமே. அதை உப்பில் கலந்து அனுப்பும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அந்தத் துளிப் பொருளுக்கும் நம் உடலுக்கும் உள்ள உறவு என்ன?

1902-இல் இலண்டனில் பேலிசும் ஸ்டார்லிங்கும், நரம்புகளின் துணையின்றி இரத்தத்தின் வழியாகவே ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை இயக்கக்கூடும் என்று காட்டினர். அவ்வாறு தூது செல்லும் பொருளை 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று அழைத்தார். நாளமில்லாச் சுரப்பிகளின் தூதுவர்கள் இவர்களே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி ஆணையிட, கழுத்திலுள்ள தைராய்டு தன் ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்தத்தில் அது போதிய அளவை எட்டியதும் ஆணை தணிகிறது. வளர்ச்சி, உடற்சூடு, இதயத் துடிப்பு அனைத்தும் இந்த அளவோடு பிணைந்தவை.

தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். அது கிட்டாதபோது ஹார்மோன் குறைகிறது. பிட்யூட்டரியின் ஆணை ஓயாது தொடர்கிறது. சுரப்பி பருத்துக் கழலையாகிறது. கண்ணுக்குத் தெரியும் கேடு அது. தெரியாத கேடு இன்னும் பெரிது: கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது.

இமயமலைச் சாரலிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் வி. ராமலிங்கசுவாமியின் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. மூன்று பகுதிகளில் இரண்டிற்கு அயோடின் உப்பும், ஒன்றிற்கு வெறும் உப்பும் தரப்பட்டன. சில ஆண்டுகளில் அவ்விரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு கிடைத்தது. தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வெறும் உப்பை உண்ட தாய்மார்களை எண்ணும்போது, அறிவியலின் வெற்றியை நாம் முழு மகிழ்ச்சியோடு கொண்டாட முடிவதில்லை.

சட்டத்தின் பாதையும் நேராக இருந்ததில்லை. உணவுக்கான அயோடின் கலவா உப்பின் விற்பனைக்கு 1998-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தடை 2000-இல் நீக்கப்பட்டது. 2006-இல் மீண்டும் நடைமுறையானது. எந்த உப்பை உண்பது என்பது தனிமனிதர் உரிமை என்ற வாதத்தை, வேதாரண்யம் கண்ட நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், பிறவாத குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது?

தூத்துக்குடியில் உப்பு மலைமலையாய்க் குவியும் தமிழகம், 2018-19 தேசிய அயோடின் ஆய்வில் மாநிலங்களுள் கடைசியில் நின்றது. போதிய அயோடின் கொண்ட உப்பு இங்கு ஏறத்தாழ 62 விழுக்காட்டு வீடுகளிலேயே இருந்தது. நாட்டின் சராசரியோ சுமார் 76. கல்லுப்பின் மீது நமக்குள்ள பற்றும் இதற்கு ஒரு காரணமாகலாம். கல்லுப்பிலும் அயோடின் கலந்தது உண்டு. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்கினால் போதும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின், கருவுற்றவருக்கு 250. வாழ்நாள் முழுவதற்குமாகச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டியளவே. உமணர் வண்டி நின்றுபோய் வெகுகாலமாயிற்று. அந்தத் தேக்கரண்டி அரூரின் அடுப்படிவரை தவறாமல் வந்துசேர்கிறதா என்பதே இன்று நம் கவலையாக இருக்க வேண்டும்.