பனிமய மாதாவும் முத்துக்குளித்துறையும்

ஆடி பிறந்து பத்து நாள் ஆகும்போது, அல்சூரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் தூத்துக்குடிக் குடும்பங்களில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். மைசூர் விரைவு வண்டியில் இடம் கிடைத்ததா, பிள்ளைகளின் பள்ளியில் விடுமுறை சொல்லியாயிற்றா என்பதே பேச்சாக இருக்கும். எம் அலுவலகத்திலும் அவ்வூர் நண்பர் ஒருவர் உண்டு. தீபாவளி விடுப்பையும் பொங்கல் விடுப்பையும் பிறர்க்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பார். ஆகஸ்டு ஐந்தாம் நாளை மட்டும் எவர்க்கும் விட்டுக்கொடார். "பெரிய கோவிலில் கொடி ஏறிவிட்டது, சார், இனி இங்கே கை ஓடாது" என்பார்.

ஒருநாள் நண்பகல் உணவின்போது மற்றொரு நண்பர் அவரைக் கேட்டார்: "பனியே பெய்யாத ஊரில் பனிமய மாதா ஏனையா? எவனோ வெளிநாட்டான் விட்டுச்சென்ற திருவிழாதானே?" கேலியாகத்தான் கேட்டார். தூத்துக்குடி நண்பர் விடை சொல்லாமல் உணவுப் பாத்திரத்தை மூடினார். அவர் முகம் வாடியதை யாம் கண்டோம். யாம் அச்சமயத்தைச் சார்ந்தவரல்லோம். ஆயினும் அக்கேள்விக்கு வரலாறு என்ன விடை வைத்திருக்கிறது என்று தேடத் தூண்டியது அந்த வாட்டமே.

பனியின் கதை உரோமாபுரியில் தொடங்குகிறது. நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் என்பார் திருத்தந்தையாக விளங்கிய காலத்தில், மகப்பேறற்ற செல்வர் ஒருவரும் அவர்தம் மனைவியும் தம் பொருளை மாதாவுக்கே அளிக்க விரும்பினராம். கோடையின் கடுவெப்பத்தில், ஆகஸ்டு ஐந்தாம் நாள் இரவில், எஸ்குலின் குன்றின்மீது பனி பெய்து கோவிலுக்குரிய இடத்தைக் காட்டிற்றாம். இக்கதை ஏட்டில் ஏறியது பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே என்பர் ஆய்வாளர். அக்குன்றில் இன்று நிற்கும் மரியா பேராலயம் ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் அதன் மேல்தளத்திலிருந்து வெண்மலர் இதழ்களைப் பனிபோல் பொழியச் செய்கின்றனர்.

மலைப்பனிக்குரிய இம்மாதாவைக் கடலோடிகள் தமக்கு உரியவளாக்கிக்கொண்டது வியப்பே. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே, வெசுவியஸ் எரிமலையின் அடியில், தோரே அன்னுன்சியாத்தா என்றொரு கடற்கரையூர் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் ரோவிலியானோ என்னும் பாறைத்தீவின் அருகே வலைவீசிய மீனவர்க்கு மாதாவின் உருவம் ஒன்று கிடைத்ததாக அவ்வூர் மரபு கூறும். அவளும் பனிமாதாவே, திருநாளும் ஆகஸ்டு ஐந்தே. அன்று அவ்வுருவம் படகேறிக் கடலில் பவனி வரும். 1822-இல் எரிமலை சீறியபோது மாதாவே ஊரைக் காத்தாள் என்று நம்பி, அக்டோபர் 22-ஆம் நாளையும் அம்மக்கள் கொண்டாடுகின்றனர். அவர்களும் பனிக்காக அவளை நாடவில்லை. கடலுக்கும் நெருப்புக்கும் அஞ்சியே நாடினர்.

இனி நம் கரைக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு முத்துச் சலாபத்தின் பொருட்டுப் பெரும் பூசல் நேர்ந்தது. ஒருபுறம் கடல் வணிகர், மறுபுறம் வரிகேட்கும் சிற்றரசர். குதிரை வணிகர் ஜான் தெ குருஸ் என்பார் வழிகாட்ட, அம்மக்களின் தூதுவர் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கடற்கரையூர்கள் பலவும் திருமுழுக்குப் பெற்றன. 1542-இல் சவேரியார் வந்தபோது, பெயரளவில் கிறித்தவராயிருந்த அம்மக்களுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. உள்ளூரில் இருமொழி அறிந்தாரைக் கொண்டு அவற்றைத் தமிழாக்கி, தாமும் மனனம் செய்து, கையில் மணியசைத்துத் தெருத்தெருவாகக் கற்பித்தார் அவர். மதமாற்றத்தின் காரணம் அரசியலே என்று எழுதுவோர் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அத்துடன் நூலை மூடிவிடுவோர், பிந்தைய நானூற்றைம்பது ஆண்டுகளைப் படியாமலே மூடுகின்றனர்.

மாதாவின் சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து சாந்தா ஹெலேனா என்னும் கப்பலில் வந்தது என்பது தூத்துக்குடியில் குழந்தையும் அறிந்த செய்தி. இங்கே ஒரு சிக்கல். இஸ்பானியர் மணிலாவைக் கைக்கொண்டதே 1571-இல்தான். ஆகவே ஆண்டு பிந்தியதாதல் வேண்டும். அன்றேல் புறப்பட்ட துறை வேறாதல் வேண்டும். இதனைத் தூத்துக்குடி நண்பரிடம் சொல்லத் தயங்கித்தான் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "வந்த வழி எதுவானால் என்ன சார், வந்து சேர்ந்த இடம் எங்கள் ஊர்" என்றார். மாதாவுக்கு 1582-இல் அங்குக் கோவில் எழுந்தது என்பதில் ஐயமில்லை. போர்த்துக்கீசிய மொழியில் பனிக்கு நேவிஸ் என்று பெயர். ஆதலின் இன்றும் அவள் தஸ்நேவிஸ் மாதா. தமிழில் பனிமய மாதா. நம் மொழியில் பனி என்பது மலைமேல் உறையும் வெண்பனியன்று. விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. புழுதி பறக்கும் ஆடிக்காற்றில் குளிர்ச்சியே உருவானவள் என்று அப்பெயரைப் பொருள்கொண்டால் யார் மறுப்பர்?

தமிழன்பர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்தி ஒன்று இக்கோவிலுக்கு உண்டு. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தால் அச்சேறிய முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். அதனைச் செய்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் போர்த்துக்கீசியத் துறவி. அரை நூற்றாண்டுக் காலம் இக்கரையில் தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலையும் அச்சிட்டவர். இந்நூல்கள் பரதவர்க்காகவே எழுந்தன. அச்சுக்குரிய பொருளும் அவர்கள் தந்ததே. 1600-இல் புன்னைக்காயலில் மறைந்த அவருடைய உடலைத் தூத்துக்குடி மாதா கோவிலில் அடக்கம் செய்தனர். அச்சுத்தமிழின் தந்தை உறங்கும் அவ்விடத்தை நம்மவருள் எத்தனைபேர் அறிவோம்?

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். சுரூப வணக்கம் அவர்க்கு ஆகாது. கத்தோலிக்கக் குருமார் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. மாதாவின் சுரூபத்தை மக்கள் ஊருக்கு வெளியே கொண்டுசென்று காத்தனர் என்பது மரபு. அரசு கேட்டதெல்லாம் எளிது: சபையை மாற்றிக்கொள்ளுங்கள், சலுகை தருகிறோம். முத்தும் சங்கும் வணிகமும் டச்சுக்காரர் கையில். படகும் வயிறும் அவர் தயவில். மாறியிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். பால்தேயுஸ் என்னும் டச்சுப் போதகர் தாமே வந்து முயன்று பார்த்தார். பரதவர் தம் பழைய வணக்கத்தை விட்டாரில்லை. 'எவனோ விட்டுச்சென்ற திருவிழா' என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. விட்டுச்சென்றவர் சென்றபின், வேண்டாம் என்று சொன்ன ஆட்சியின் கண்ணெதிரே அதைத் தூக்கிப் பிடித்தவர் இம்மக்களே. இப்போதுள்ள கோவிலும் டச்சு ஆட்சிக்காலத்திலேயே, 1713-இல், எழுந்தது.

பின்னர்த் தேர் வந்தது. ஊர் டச்சுக்காரரிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியிருந்த நாளில், 1806-இல், பரதவர் குலத்தலைவராகிய பாண்டியபதி தொன் கபிரியேல் தக்ரூஸ் வாஸ் கோமஸ் என்பார் மாதாவுக்குத் தங்கத்தேர் செய்தளித்தார். தேர் செய்தமையால் அவரைத் தேர்மாறன் என்றே ஊர் அழைத்தது. பெயரைப் பாருங்கள்: தொன், கபிரியேல், தக்ரூஸ், வாஸ், கோமஸ், அதன் பின்னே பாண்டியபதி, மாறன்! ஒருவர் பெயரிலேயே இரண்டு கடல்களும் கலந்துவிட்டன. தேரோ திருச்செந்தூரிலும் நெல்லையிலும் ஓடும் தேர்களின் உடன்பிறப்பு. வடம் உண்டு, கூடி இழுப்பார் உண்டு, ஐம்பத்துமூன்று அடி உயரம் தங்க ரேக்கால் ஒளிரும்.

அன்றிருந்த தலைவரின் அதிகாரம் இன்றில்லை. முத்துக்குளிப்பும் 1961-க்குப் பின் நின்றுபோயிற்று. கோவில் எவர்க்கு உரியது, முன்மரியாதை எவர்க்கு என்ற வழக்குகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறைவில்லாமல் நடந்தன; திருவிழா உள்ள ஊரில் அவை இல்லாமலிருந்தால்தான் வியப்பு. 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகித் திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்தில் ஆயரான முதல் இந்தியர் அவரே. 1982-இல், நானூறாம் ஆண்டில், கோவில் பேராலயமாக உயர்ந்தது.

தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதன்று, சிறப்பாண்டுகளில் மட்டுமே. 2013-க்குப் பின் பத்தாண்டு கழித்து, 2023 ஆகஸ்டு 5 சனிக்கிழமை ஓடியது. நண்பர் அழைக்க, யாமும் சென்றிருந்தோம். இலட்சக்கணக்கான மக்கள் கூடிய தெருவில், எம் பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு அணிந்த முதியவர் ஒருவர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர் அசைந்தபோது எழுந்த ஒலியை எழுத்தில் வடிக்க எம்மால் இயலாது. நண்பர் வடத்தைப் பிடித்திருந்தார்; அலுவலகத்தில் கோப்பு தூக்கவே சலிப்பவர் அவர்.

திங்கட்கிழமை நண்பகல், தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து, அன்று கேலிசெய்த நண்பர் முன்னே முதலில் நீட்டினார். அவர் இரண்டு எடுத்து வாயிலிட்டுக்கொண்டு, "அடுத்த தங்கத்தேர் எப்போதையா? சொன்னால் இப்போதே டிக்கெட் எடுத்துவைக்கலாம்" என்றார். அதற்கு ஆண்டுக்கணக்கு இல்லை, ஊர் கூடி முடிவு செய்யும் என்று நண்பர் விளக்கிக்கொண்டிருந்தார். யாம் மூன்றாவது மக்ரூனை எடுத்துக்கொண்டோம்.