விழித்திரைப் படப் பரிசோதனையும் சூணாம்பேடு திட்டமும்

உடலில் இரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமல் நேரில் காணக்கூடிய இடம் விழித்திரை. 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆப்தல்மாஸ்கோப் எனும் கருவியை உலகுக்கு அறிவித்த பிறகே மருத்துவர்கள் அதைத் தெளிவாகக் கண்டனர். சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது 1819-இல்; அக்கருவியைவிட அது முப்பது ஆண்டு மூத்தது! 1961-இல் நொவாட்னி, ஆல்விஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவ மாணவர்கள், ஒளிரும் சாயத்தை நரம்பில் செலுத்திக் குழாய்களின் கசிவைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டனர்.

நீரிழிவில் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்கள் நலிந்து, ஊசிமுனையளவு புடைப்புகள் தோன்றும். அப்போது வலி இராது, பார்வையும் மங்காது. ஆகவே நோயாளி தானாக மருத்துவரைத் தேடி வருவதில்லை. பார்வை மங்கிய பின் வந்தால், இழந்ததை முழுதும் மீட்பது அரிது.

படூர் போன்ற பழைய மாமல்லபுரம் சாலை ஊர்களுக்குச் சென்னை ஒரு பேருந்துப் பயணம்தான். அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கே, செய்யூர் வட்டத்துச் சூணாம்பேட்டில் வாழ்பவருக்கோ அது ஒரு நாள் கூலி. எனவே நோயாளியை அழைக்காமல் கேமராவையே ஊருக்கு அனுப்பினர். மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய சூணாம்பேடு ஊரக நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், விழித்திரைக் கேமரா பொருத்திய தொலைமருத்துவ ஊர்தி 42 சிற்றூர்களுக்குச் சென்றது. அங்கிருந்த 27,014 பெரியவர்களில் 23,380 பேர் பரிசோதிக்கப்பட்டனர்; 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் 1,001 பேரிடம் பின்விளைவுகளை ஆராய்ந்தபோது, 18.2 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் தெரிந்தது. படமெடுத்ததோடு நிற்காமல் அங்கேயே ஒரு சிகிச்சை மையமும் அமைத்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சென்னை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவே.

இன்று ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி, சாயமே இல்லாமல் நுண்குழாய்களின் இரத்த ஓட்டத்தை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. ஆனால் கருவியின் விலை அதிகம். ஊர்களுக்கு ஏற்றது ஸ்மார்ட்போன் கேமரா. மோகன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய படங்களைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அலசி, நோயுள்ளவர்களில் 95.8 விழுக்காட்டினரைக் கண்டறிந்தது. நோயில்லாதவர்களிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவரை ஐயத்துக்குரியவர் என்றது. அவரை மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்; கவலைக்குரியவர் மென்பொருள் தவறவிட்ட அந்த நூற்றுக்கு நால்வர்தான்.